பெற்றோர் கடமையும் சர்க்கார் கடமையும்

வருஷந்தோறும் மே மாதம் 21-ந் தேதி தேசமெங்கும் பயங்கரவாத எதிர்ப்பு தினமாக அனுஷ்டிக்கப்பட்டு வருகிறது. சர்க்கார் காரியாலயங்களில் உத்தியோகஸ்தர்கள் வரிசையாக நின்று கை நீட்டிப் பிரமாணம் எடுத்துக் கொள்கிறார்கள். அஹிம்சையிலும் சகிப்புத் தன்மையிலும் நம்பிக்கை உண்டென்று வாய்விட்டுச் சொல்லி முடித்ததும் அவரவர் நாற்காலிக்குத் திரும்பி விடுகிறார்கள். மறுநாள் அதைப் பற்றி நினைப்பவர் மிகச் சிலரே. ஆனால் செங்கற்பட்டுச் சீமையில் வாழ்கிறவர்களுக்கு அந்தத் தேதி வெறும் சடங்காக இருக்க முடியாது.

1991-ம் வருஷம் அந்தத் தேதியில் இரவு பத்து மணிக்கு மேல் ராஜீவ் காந்தி கொலையுண்ட ஸ்ரீபெரும்புதூர், அன்று செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த ஊர். 1997-ல் ஜில்லா பிரிந்தது. 2019-ல் மீண்டும் பிரிந்தது. இன்று ஸ்ரீபெரும்புதூர் காஞ்சீபுரத்தோடு நிற்கிறது. செங்கற்பட்டும் மாமல்லபுரமும் தனி ஜில்லாவாகி விட்டன. சர்க்கார் எல்லைக் கற்களை மாற்றி நடலாம். ஜனங்களின் ஞாபகத்துக்கு எல்லைக் கல் கிடையாது.

அன்றிரவு மாண்டவர் ராஜீவ் காந்தி ஒருவர் மட்டுமல்லர். பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸ்காரர்கள் மாண்டார்கள். கவிதை வாசித்துக் காட்ட வந்த ஒரு சிறுமியும், அவளை அழைத்து வந்த தாயும் ஒரே இடத்தில் மாண்டார்கள். வெடிகுண்டைத் தன் உடம்பில் கட்டிக் கொண்டு வந்த பெண் மாண்டாள். அந்தக் காட்சியைப் படம் பிடிக்க வந்த தமிழ்நாட்டு வாலிபர் ஹரிபாபு மாண்டார். அவர் கையிலிருந்த காமிராவின் பிலிம் சுருளே பின்னால் வழக்கின் முதற் சாட்சியமாயிற்று. இவர்கள் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வீட்டில் பிறந்து, ஏதோ ஒரு தாயின் கையால் உண்டு வளர்ந்தவர்கள். கொன்றவர் வீடு, கொலையுண்டவர் வீடு என்று இரண்டு வகை வீடுகள் அன்றிரவு ஒரே சமயத்தில் பாழாயின.

இத்தகைய கோரம் எங்கே நிகழ்ந்தாலும் மறுநாளே நமது மந்திரிகளும் போலீஸ் அதிபர்களும் ஒரு உபதேசத்தை எடுத்துக் கொண்டு மேடைக்கு வந்து விடுவது வழக்கம். “பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளைக் கண்காணிக்க வேண்டும்” என்பதே அந்த உபதேசம். 1998-ல் கோயமுத்தூரில் குண்டுகள் வெடித்து 58 பேர் மாண்ட போதும் அதையே கேட்டோம். 2022-ல் அதே நகரத்தில் கோயில் வாசலில் ஒரு கார் வெடித்த போதும் அதையே கேட்டோம். உபதேசம் பிழையன்று. ஆனால் அது பாதி உண்மை. பாதி உண்மையை முழு உண்மையாகச் சொல்லுகிறவர்கள், மீதிப் பாதியில் அடங்கியிருக்கும் தங்கள் சொந்தக் கடமையிலிருந்து தப்பித்துக் கொள்ளுகிறார்கள். அந்த மீதிப் பாதியை இன்று எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் பெற்றோர் பக்கத்தைப் பார்ப்போம். ஒரு வாலிபன் பலாத்காரப் பாதையில் கால் வைக்கும் போது அதை முதலில் அறிகிறவர்கள் வீட்டிலுள்ளவர்களே. போலீஸ் இலாகாவின் ஒற்றர்களுக்குத் தெரிவதற்கு மாதக் கணக்கில் முன்பே தாய்க்குத் தெரிந்து விடுகிறது. என்ன விஷயமென்று அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் ஏதோ சரியில்லை என்று தெரியும். பிள்ளை சாப்பிடும் நேரம் மாறுகிறது. பழைய சிநேகிதர்கள் வருவதில்லை; புதியவர்கள் தெருமுனையில் நின்று கூப்பிடுகிறார்கள், வீட்டுக்குள் வர மறுக்கிறார்கள். கணக்குத் தெரியாத பணம் கையில் புரளுகிறது. காரணம் சொல்லாத பிரயாணங்கள் நேருகின்றன. நேற்று வரை வாதாடிய பிள்ளை இன்று வாதாடுவதை நிறுத்தி விடுகிறான். வாதாடுகிற மகனைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. தகப்பன் சொல்லுக்குப் பதில் சொல்வதும் வீண் என்று மௌனமாக எழுந்து போகிற மகனைக் குறித்தே கவலைப்பட வேண்டும்.

ஆள் சேர்க்க வருகிறவன் செய்யும் முதல் வேலை என்ன என்பதைக் கவனித்தால் குடும்பத்தின் சக்தி விளங்கும். அவன் முதலில் துப்பாக்கியைக் கொடுப்பதில்லை. கொள்கையைக் கூட முதலில் கொடுப்பதில்லை. ஒரு இரகசியத்தைக் கொடுக்கிறான். “இதை வீட்டில் சொல்லாதே” என்கிறான். அந்த ஒரு வார்த்தையில் பிள்ளைக்கும் தாய்க்கும் நடுவே ஒரு சுவர் எழும்பி விடுகிறது. பிறகு புதிய பெயர் வைக்கிறான். பெற்றவர்கள் இட்ட பெயர் போய் இயக்கம் இட்ட பெயர் வருகிறது. பிறகு தானே அண்ணனாகிறான், இயக்கமே தாயாகிறது. கடைசியில், பெற்ற தாய் தகப்பன் கோழைகள், சுயநலக்காரர்கள், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று பிள்ளையே பேசத் தொடங்குகிறான். ஒரு குடும்பத்தைத் திருடி அதன் இடத்தில் இன்னொரு குடும்பத்தை வைக்கும் வித்தை இது. ஆள் பிடிக்கிறவன் எதைக் கண்டு அஞ்சுகிறான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

தென் அமெரிக்காவில் கொலம்பியா தேசத்தில் அரை நூற்றாண்டுக் காலம் காட்டுக்குள் கெரில்லா யுத்தம் நடந்தது. 2013-ம் வருஷம் கிறிஸ்துமஸ் சமயத்தில் அந்த நாட்டு சர்க்கார் ஒரு காரியம் செய்தது. காட்டிலிருந்த போராளிகளின் தாய்மாரிடம், அவர்கள் குழந்தைகளாயிருந்த போது எடுத்த புகைப்படங்களைக் கேட்டு வாங்கியது. அந்தப் படத்திலுள்ள குழந்தை யாரென்று அந்தப் பிள்ளை ஒருவனுக்கே தெரியும். பகைவர் கண்டு பழி வாங்க வழியில்லை. போராளி ஆவதற்கு முன் நீ என் பிள்ளை, வீட்டுக்கு வா என்ற கருத்துள்ள தாயின் சொல்லோடு அந்தப் படங்கள் காட்டுப் பாதைகளில் வைக்கப்பட்டன. ராணுவத்தையும் ஆகாய விமானத்தையும் வைத்திருந்த ஒரு சர்க்கார், தாயின் சொல்லுக்கு உள்ள பலத்தையும் நாடிச் சென்றது என்பதே நாம் கவனிக்க வேண்டிய விஷயம்.

இவ்வளவும் உண்மையானால், 1991-ல் நமது வீடுகள் ஏன் தவறின? இந்தக் கேள்வியிலிருந்து நாம் ஓடக் கூடாது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் ஒரே வீட்டைச் சேர்ந்த தாய், மகள், மகன் மூவரும் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். தாய் ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்த்துப் பிள்ளைகளை வளர்த்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு வாலிபர் அந்த வீட்டில் வந்து தங்கினார். 1998-ம் வருஷம் ஜனவரி 28-ந் தேதி பூந்தமல்லி விசேஷ நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. 1999-ம் வருஷம் மே மாதத்தில் ஸுப்ரீம் கோர்ட்டு அவர்களில் 19 பேரை விடுவித்தது. அந்தத் தாயும் மகனும் அவர்களில் அடங்கியவர்கள். மகள் நளினி முப்பது வருஷத்துக்கு மேல் சிறையிலிருந்தார். சிறையிலிருந்த போதே அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது.

அந்த வீட்டை மட்டும் குற்றம் சொல்லி முடித்து விடுவது சுலபம், ஆனால் நியாயமாகாது. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்கள் வீதியில் வைத்துக் கொளுத்தப்பட்ட போது தமிழ்நாடு முழுவதும் கொதித்தது. அகதிகள் படகு படகாக வந்து இறங்கினார்கள். அவர்களோடு இயக்கத்தாரும் வந்தார்கள். இயக்கங்களுக்குப் பயிற்சி கொடுத்தது இந்திய சர்க்கார். பணம் கொடுத்தது மாகாண சர்க்கார். மாலை போட்டது கட்சிகள். புகழ்ந்து எழுதியது பத்திரிகைகள். கல்லூரிச் சுவரெல்லாம் துப்பாக்கி ஏந்திய படம் ஒட்டப்பட்டிருந்த அந்தக் காலத்தில், யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருவன் வாசலில் வந்து நின்றால் சோறு போடாத வீடு எது? விருந்தோம்பலுக்கும் உடந்தைக்கும் நடுவே கோடு எங்கே இருக்கிறதென்று ஊருக்கே தெரியாத போது, ஒரு நர்ஸின் வீட்டுக்கு மாத்திரம் தெரிந்திருக்க வேண்டுமென்று சொல்ல முடியுமா? குடும்பம் ஒரு தீவல்ல. வெளியிலே வீசும் காற்றுத்தான் வீட்டுக்குள்ளும் வீசும். காற்றில் விஷத்தைக் கலந்தவர்கள் பிறகு ஜன்னலைச் சாத்தவில்லை என்று வீட்டுக்காரனைக் கோபிப்பது விந்தையிலும் விந்தை.

இன்னொரு உண்மையையும் ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும். எல்லாக் குடும்பமும் அணையாக நிற்பதில்லை. சில குடும்பங்கள் தாமே வாய்க்காலாகி விடுகின்றன. மகாத்மாவைக் கொன்ற சதியில் நாதுராம் கோட்ஸேயோடு உடன்பிறந்த தம்பியும் தண்டிக்கப்பட்டான். 2019-ம் வருஷம் ஏப்ரல் 21-ந் தேதி, ஈஸ்டர் ஞாயிறன்று, இலங்கையில் மாதா கோயில்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்து 250-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதற்குத் தலைமை வகித்த ஸஹ்ரானின் தந்தையும் சகோதரர்களும் ஐந்து நாள் கழித்துச் சாய்ந்தமருதில் குழந்தைகளோடு வெடித்துச் செத்தார்கள். இத்தனைக்கும் ஸஹ்ரானின் பேச்சு ஆபத்தானது என்று காத்தான்குடி முஸ்லிம்களே முன்கூட்டி அதிகாரிகளிடம் முறையிட்டிருந்தார்கள். 2017-ல் அந்த ஊரில் மோதலே நடந்தது. வீடு கெட்டுப் போன இடத்தில் ஊர் விழித்திருந்தது. ஊரின் குரலைக் கேட்க வேண்டிய சர்க்காரோ உறங்கிக் கொண்டிருந்தது.

வெளிநாட்டை நோக்கி விரல் நீட்டுவதற்கு முன் நமது முற்றத்தையும் பார்த்துக் கொள்ள வேண்டும். ஜாதித் துவேஷம் என்னும் விஷம் எங்கே புகட்டப்படுகிறது? பள்ளிக்கூடத்திலா, கட்சிக் கூட்டத்திலா? தாய்ப்பாலோடு சேர்த்து வீட்டிலேயே புகட்டப்படுகிறது. 2003-ல் விருத்தாசலத்தை அடுத்த கிராமத்தில் ஜாதி மாறி மணந்த கண்ணகியும் முருகேசனும் விஷம் கொடுத்துக் கொல்லப்பட்டார்கள். 2021-ல் கடலூர் நீதிமன்றம் தண்டித்தவர்களில் அந்தப் பெண்ணைப் பெற்ற தகப்பனும் உடன்பிறந்தவனும் அடக்கம். 2013-ம் வருஷம் ஏப்ரல் 25-ந் தேதி மாமல்லபுரத்தில் ஒரு ஜாதிச் சங்கத்தின் சித்திரை முழுநிலவு விழா நடந்தது. அதற்குப் போகும் வழியில் மரக்காணத்தில் மூண்ட கலவரத்தில் ஏழை தலித் மக்களின் வீடுகள் எரிந்தன, உயிர்களும் போயின. அன்று லாரிகளில் போன வாலிபர்களை வாசலில் நின்று வழியனுப்பியவர்கள் யார்? பெற்றோர்களே. குண்டு வைக்கிறவன் மாத்திரமே பயங்கரவாதி என்றும், குடிசைக்குத் தீ வைக்கிறவன் நம்மவன் என்றும் நினைக்கிற வீட்டிலிருந்து பலாத்காரத்துக்குத் தடை பிறக்காது.

ஆகவே குடும்பம் காவலாக நிற்க வேண்டுமானால் இரண்டு காரியங்கள் அவசியம். வீட்டுக்குள் துவேஷம் இருக்கலாகாது. வீட்டுக்கு வெளியே உதவி இருக்க வேண்டும். முதலாவது பெற்றோரின் கடமை. இரண்டாவது சர்க்காரின் கடமை. இந்த இரண்டாவது கடமை நமது தேசத்தில் ஏறக்குறைய சூனியமாகவே இருந்து வருகிறது.

ஒரு தாய்க்குத் தன் மகனைப் பற்றிச் சந்தேகம் வந்து விட்டது என்று வைத்துக் கொள்ளுங்கள். திருக்கழுக்குன்றத்திலோ, கோவளத்திலோ, சதுரங்கப்பட்டினத்திலோ வாழும் ஏழைப் பெண். அவள் யாரிடம் போவாள்? போலீஸ் ஸ்டேஷனைத் தவிர வேறு கதவு அவளுக்குத் தெரியாது. அந்தக் கதவைத் தட்டினால் மகன் மீள்வானா, மறைவானா என்பது அவளுக்கு நிச்சயமில்லை. ஆகையால் வாயை மூடிக் கொள்கிறாள். தெய்வத்துக்கு நேர்ந்து கொள்கிறாள். அந்த மௌனத்திலேதான் அனர்த்தம் வளருகிறது. அவள் பயம் காரணமற்ற பயமா? இல்லையென்பதற்கு இரண்டு சம்பவங்களைச் சொல்லுவோம்.

1991-ம் வருஷம் ஜூன் 11-ந் தேதி, பத்தொன்பது வயதான பேரறிவாளன் கைது செய்யப்பட்டார். விசாரித்துவிட்டு மறுநாள் அனுப்பி விடுவதாக அதிகாரிகள் சொன்னதை நம்பித் தாங்களே மகனை ஒப்படைத்ததாக அவருடைய தாயார் அற்புதம் அம்மாள் பல மேடைகளில் கூறியிருக்கிறார். ஒன்பது வோல்ட் பேட்டரிகள் இரண்டு வாங்கிக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் வாக்குமூலத்தையே சாட்சியமாக ஏற்கும் ‘தடா’ச் சட்டத்தின் கீழ் வழக்கு நடந்தது. பேட்டரி எதற்கென்று தமக்குத் தெரியாதென அவர் சொன்னதைத் தாம் எழுதாமல் விட்டு விட்டதாக, வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரியே 2013-ல் வெளியிட்டார். தூக்குத் தண்டனை 2014-ல் ஆயுள் தண்டனையாயிற்று. 2022-ம் வருஷம் மே மாதம் 18-ந் தேதி ஸுப்ரீம் கோர்ட்டு அவரை விடுதலை செய்தது. மறுநாள் வருவான் என்று நம்பிய தாய் முப்பத்தோரு வருஷம் சிறை வாசல்களில் காத்திருந்தாள். கொலை மகா கோரமானது. அதில் இரண்டு அபிப்பிராயமில்லை. ஆனால் இந்தத் தாயின் கதை தமிழ்நாட்டில் ஒவ்வொரு வீட்டிலும் தெரியும். தெரிந்த பிறகு, எந்தத் தாய் தன் மகன் கையைப் பிடித்து அழைத்து வந்து ஒப்படைப்பாள்?

மும்பையை அடுத்த கல்யாண் நகரத்திலிருந்து 2014-ம் வருஷம் மே மாதம் நான்கு வாலிபர்கள் இராக் தேசத்துக்குப் போய் ‘ஐஸிஸ்’ கூட்டத்தில் சேர்ந்தார்கள். பிள்ளைகளைக் காணோமென்று அதிகாரிகளிடம் ஓடியவர்கள் பெற்றவர்களே. நால்வரில் ஒருவர் அதே வருஷம் நவம்பரில் திரும்பி வந்தார். அவரை மீட்கத் தகப்பனார் சர்க்காரின் உதவியை நாடியிருந்தார். திரும்பியதும் கைது. ஜாமீனில் வெளியே வர 2021 வரை காத்திருக்க நேர்ந்தது. அவர் செய்ததை விசாரிக்கக் கூடாதென்று நாம் சொல்லவில்லை. ஆனால் தேடிப் போய் உதவி கேட்ட தகப்பனுக்கும், ஒளித்து வைத்த தகப்பனுக்கும் சர்க்கார் ஒரே பதிலைக் கொடுக்குமானால், அடுத்த தகப்பன் எந்த வழியைத் தேர்ந்து கொள்வான் என்பதை ஊகிக்கப் பெரிய புத்தி வேண்டியதில்லை.

செங்கற்பட்டு நகரத்திலேயே இதற்கு இன்னொரு ஞாபகச் சின்னம் உண்டு. இலங்கைத் தமிழர்களில் சந்தேகத்துக்குள்ளானவர்களை அடைத்து வைக்கச் சிறப்பு முகாம் என்ற பெயரில் ஒன்று அங்கே வெகுகாலம் நடந்து வந்தது. கோர்ட்டு ஜாமீன் கொடுத்த பின்னும் முகாமுக்குள் தள்ளப்பட்டவர்கள் உண்டு. எங்களைக் குடும்பத்தோடு வாழ விடுங்கள் என்று கேட்டுப் பல முறை அவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். மனைவி மக்களிடமிருந்து மனிதனைப் பிரித்து வைத்தால் அவன் சாந்தமடைவான் என்று நினைத்தவர்கள், குடும்பத்தின் சக்தியைப் பற்றிப் பெற்றோருக்கு உபதேசம் செய்வது எப்படிப் பொருந்தும்?

இதற்கு வேறு வழி இல்லாமலில்லை. டென்மார்க் தேசத்தில் ஆர்ஹூஸ் என்ற நகரத்திலிருந்து 2013-ம் வருஷத்துக்குள் சுமார் முப்பது வாலிபர்கள் சிரியா யுத்தத்துக்குப் போனார்கள். அந்த நகரத்துப் போலீஸாரும் முனிசிபாலிடியாரும் கூடி யோசித்தார்கள். குற்றம் செய்தவனைக் கோர்ட்டு பார்த்துக் கொள்ளட்டும். குற்றம் ஏதும் செய்யாமல் திரும்பியவனுக்குப் படிப்பும் வேலையும் இருக்க இடமும், கூடவே இருந்து பேச ஒரு பெரியவரும் கொடுப்போம் என்று தீர்மானித்தார்கள். பெற்றோர்களைக் கூட்டி ஒருவருக்கொருவர் துணையாக்கினார்கள். ஜெர்மனியில் 2012-ம் வருஷ முதலே, பிள்ளையைப் பற்றிக் கவலை கொண்ட பெற்றோரும் உபாத்தியாயரும் டெலிபோனில் கூப்பிட்டு ஆலோசனை கேட்க ஒரு காரியாலயம் இருக்கிறது. அதை நடத்துவது போலீஸ் இலாகா அன்று. குடியேறியோரையும் அகதிகளையும் கவனிக்கும் இலாகா. கதவு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தே தாய் வருவதும் வராததும்.

நமது ஜில்லாவிலும் இதைச் செய்யலாம். புதிய கட்டடமோ பெரிய செலவோ தேவையில்லை. 1987-ம் வருஷச் சட்டத்தின்படி ஜில்லா தோறும் நீதிபதியின் தலைமையில் சட்டப் பணிகள் ஆணைக்குழு ஏற்படுத்தப்பட்டிருக்கிறது. பிள்ளையைப் பற்றிச் சந்தேகம் கொண்ட பெற்றோர் முதலில் அங்கே போகலாமென்று ஏற்பாடாகட்டும். ஒரு வக்கீலும், மனோதத்துவம் அறிந்த ஒரு வைத்தியரும், ஊராரின் மதிப்பைப் பெற்ற ஓர் உபாத்தியாயரும் அவர்கள் சொல்வதைக் கேட்கட்டும். குற்றம் செய்யாத பிள்ளையின் பெயர் போலீஸ் ஜாபிதாவில் ஏறாதென்று எழுத்து மூலமான உறுதி வேண்டும். குற்றம் நடந்திருந்தால், பெற்றோர் தாமே முன்வந்ததைக் கோர்ட்டு கவனிக்க வழி செய்ய வேண்டும். கைதானவனின் உறவினருக்கு உடனே தகவல் கொடுக்க வேண்டுமென்று ஸுப்ரீம் கோர்ட்டு 1996-லேயே விதித்திருக்கிறது; அதை மீறுகிற உத்தியோகஸ்தர் தண்டிக்கப்பட வேண்டும்.

2008-ல் மும்பைக்குக் கடல் வழியாகக் கொலைகாரர்கள் வந்த பிறகு, கரையோரம் முழுவதும் காவல் பலப்படுத்தப்பட்டது. ரோந்துப் படகுகள் வந்தன. மீனவர்களுக்கு அடையாளச் சீட்டுகள் வந்தன. கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் இருக்கும் இந்தக் கரைக்கு அது அவசியமே. ஆனால் கடலிலிருந்து வரும் ஆபத்துக்குப் படகு வாங்கிய சர்க்கார், தெருவிலிருந்து வீட்டுக்குள் நுழையும் ஆபத்துக்கு என்ன வாங்கியிருக்கிறது? நமது கரையோரக் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்து இன்னும் உயிரோடு இருக்கிறது. ஜமாஅத்துகளும், மாதா கோயில் சபைகளும், உழவர் சங்கங்களும், பெண்களின் சுய உதவிக் குழுக்களும் இருக்கின்றன. இவர்களை ஒற்றர்களாக்கினால் அத்தனையும் பாழாகும். துணைவர்களாக்கினால் ஒவ்வொரு தெருவும் விழித்திருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பலாத்காரத்தைத் தடுப்பதாகச் சொல்லிக் கொண்டு கருத்துள்ள பிள்ளைகளையெல்லாம் சந்தேகிக்கப் புறப்படக் கூடாது. ஐந்து வேளை தொழுகிறவன் பயங்கரவாதியல்லன். விபூதி தரித்துக் கோயிலுக்குப் போகிறவனும் அல்லன். மார்க்ஸையோ அம்பேத்காரையோ பெரியாரையோ வாசிக்கிறவன், நிலத்தைப் பறிக்காதே என்று கொடி பிடிக்கிறவன், தொழிற்சங்கம் கட்டுகிறவன் இவர்களெல்லாம் தேசத்தின் உயிர்நாடி. நமது பாட்டன்மாரைப் பிரிட்டிஷ் சர்க்கார் எந்தப் பெயரிட்டு அழைத்ததென்பதை நாம் மறக்கவில்லை. 1911-ல் வாஞ்சிநாதன் ஆஷ் துரையைச் சுட்டுத் தானும் மாண்டான். அவன் தியாகத்தை வணங்குகிறவர்களும், சுதந்திரம் வந்தது அந்த வழியால் அன்று, லக்ஷக்கணக்கான ஜனங்கள் பகிரங்கமாகச் சட்டத்தை மறுத்துச் சிறை சென்ற வழியால் என்பதை அறிவார்கள். சத்தியாக்கிரகி தாயிடம் சொல்லிக் கொண்டு சிறைக்குப் போனான். இரகசியம் வேண்டாத போராட்டத்துக்கும், இரகசியமின்றி நடக்க முடியாத போராட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இந்த ஒன்றே காட்டும். தாயிடம் சொல்ல முடியாத காரியம் எதுவோ, அதைப் பிள்ளை இருமுறை யோசிக்கட்டும்.

நமது வாசகர்களில் பலர் பொது வாழ்வில் ஈடுபட்டவர்கள், மேடை ஏறுகிறவர்கள். அவர்களிடம் ஒரு கேள்வி கேட்க நமக்கு உரிமையுண்டு. ரத்தம் சிந்த வாருங்கள் என்று கூவும் தலைவர்களில் எத்தனை பேருடைய சொந்தப் பிள்ளைகள் அந்த வரிசையில் நிற்கிறார்கள்? பிறத்தியான் பிள்ளையைத் தீயில் தள்ளிவிட்டுத் தன் பிள்ளையை வெளிநாட்டுக் கல்லூரிக்கு அனுப்பும் வீரத்தை நாம் நிறையப் பார்த்து விட்டோம். இலங்கை வன்னியில் யுத்தத்தின் கடைசி வருஷங்களில் வீட்டுக்கு ஒரு பிள்ளை வேண்டுமென்று இயக்கம் கேட்டது. பிள்ளையைக் காப்பாற்ற, வயது வருவதற்கு முன்பே கலியாணம் செய்து வைத்தவர்களும், குழி தோண்டி ஒளித்து வைத்தவர்களும் உண்டு. எந்த ஜனங்களுக்காகப் போராட்டம் தொடங்கிற்றோ அந்த ஜனங்களின் தாய்மாரே இயக்கத்தைக் கண்டு பிள்ளையை ஒளிக்க நேர்ந்ததைவிட, அந்தப் பாதையின் முடிவைக் காட்ட வேறென்ன வேண்டும்? தன் மகனை அனுப்பத் துணியாத காரியத்துக்கு அடுத்த வீட்டுப் பையனை அழைக்க மாட்டேன் என்று ஒவ்வொரு ஊழியரும் விரதம் எடுத்துக் கொள்ளட்டும். மே 21-ந் தேதிப் பிரமாணத்தைவிட அது பலன் தரும்.

பெற்றோர்களுக்கும் சில வார்த்தைகள். அடித்துத் திருத்தலாமென்று எண்ணாதீர்கள்; அடி வாங்கிய பிள்ளைக்கு ஆறுதல் சொல்லத் தெருமுனையில் ஒருவன் காத்துக் கொண்டிருக்கிறான். பிள்ளை சொல்லும் நியாயத்தில் நியாயமிருந்தால் ஒப்புக் கொள்ளுங்கள். அநீதியைக் கண்டு அவன் கொதிப்பது பிழையன்று; அந்தக் கொதிப்பை எங்கே கொண்டு செலுத்துவதென்பதே கேள்வி. அவனுடைய சிநேகிதர்களை வீட்டுக்கு அழைத்துச் சோறு போடுங்கள். வர மறுக்கிறவன் யாரென்று கவனியுங்கள். மகனோடு பேசுவது தாயின் வேலை என்று தகப்பன்மார் திண்ணையில் உட்கார்ந்து விடக் கூடாது. கையிலிருக்கும் டெலிபோன் வழியாக உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் ஒருவன் நள்ளிரவில் உங்கள் பிள்ளையோடு பேசுகிறான். பகலில் நீங்கள் பேசாவிட்டால் இரவில் பேசுகிறவனே ஜெயிப்பான். எல்லாவற்றுக்கும் மேலாக, பிற ஜாதியாரையும் பிற மதத்தாரையும் இழித்துப் பேசும் வழக்கத்தை இன்றே வீட்டை விட்டு ஓட்டுங்கள். நீங்கள் விளையாட்டாய்ச் சொன்னதை வேறொருவன் வினையாக்கிக் கொடுப்பான்.

மாமல்லபுரத்தில் கிருஷ்ண மண்டபத்துப் பாறையில் ஒரு சிற்பம் இருக்கிறது. கல்மாரியிலிருந்து ஆயர்களைக் காக்கக் கண்ணன் மலையைத் தூக்கி நிற்கிறான். மலையின் கீழே ஒருவன் பால் கறக்கிறான். பசு தன் கன்றை நக்கிக் கொடுக்கிறது. கன்றைப் பேணுவது பசுவின் வேலை. மலையைத் தாங்குவது பசுவால் ஆகாது. பெற்றோரால் ஆகக் கூடியதைப் பெற்றோர் செய்யட்டும். மலையைத் தாங்க வேண்டியவர்கள் கையை எடுத்து விட்டு, கன்றை ஏன் காக்கவில்லை என்று கேட்க வேண்டாம்.

செங்கற்பட்டில் அந்தக் கதவு திறக்கட்டும். தட்டுவதற்குத் தாய்மார் தயாராகவே இருக்கிறார்கள்.